மழைக்கு அஞ்சாத பெட்டி

கேமராவுக்கு எமன் யார் என்று கேட்டுப் பாருங்கள். 'கீழே போட்டு உடைக்கிறதுதான் சார்' என்று பத்தில் ஒன்பது பேர் சொல்வார்கள். கீழே விழுந்தாலாவது சத்தம் கேட்கும். நெஞ்சு பதறும். ஓடிப்போய் எடுப்போம். நம்ம ஊரில் கேமராவைச் சாகடிக்கிறவர்கள் சத்தமே போடாத மூன்று பேர். ஈரம், உப்பு, தூசி.

இந்த மூன்று பேரும் ஒரே காம்பவுண்டுக்குள் குடித்தனம் நடத்துகிற இடம், திருவள்ளூர் மாவட்டத்தின் வடகிழக்கு மூலை. ஒரு பக்கம் கும்மிடிப்பூண்டி சிப்காட். அங்கே உருக்காலைகளும் ரோலிங் மில்களும். வெளியே நிறுத்திய பைக் சீட்டில் விரலால் கோடு போட்டால் கோடு தெரியும். இன்னொரு பக்கம் பழவேற்காடு ஏரி. ஒடிசாவின் சிலிக்காவுக்கு அடுத்து இந்தியாவிலேயே பெரிய உப்பங்கழி அதுதான். இரண்டுக்கும் சேர்த்து, அக்டோபரில் ஆரம்பித்து டிசம்பர் வரை அடித்து ஊற்றுகிற வடகிழக்குப் பருவமழை.

நீங்கள் அந்த சிப்காட்டில் ஷிப்ட் வேலை பார்க்கிறவர் என்று வைத்துக்கொள்வோம். ஞாயிற்றுக்கிழமை காலை பொன்னேரி வழியாக பைக்கில் பழவேற்காடு போகிறீர்கள். மழைக்காலம் முடியப் போகிற நேரத்தில் ஏரியில் பூநாரைகள் வந்து இறங்கியிருக்கும். தூரத்தில் இருந்து பார்த்தால், யாரோ இளஞ்சிவப்பு வேட்டியைத் தண்ணீர் மேல் உலர்த்தின மாதிரி. செல்போனில் எடுத்தால் புள்ளி புள்ளியாக வருகிறது. தீபாவளி போனஸ் வரப்போகிறது. 'அடக்கமா, கைக்குக் கனமில்லாம, மழைக்கும் உப்புக்கும் தாங்குற மாதிரி ஒரு டிஜிட்டல் எஸ்.எல்.ஆர். வாங்கணும். எதை வாங்கலாம்?'

நியாயமான கேள்வி. ஆனால் புதுக் கேள்வி இல்லை. இந்தக் கேள்விக்குக் கிட்டத்தட்ட 170 வயது. மதராஸ் ராஜதானியில் இதை முதலில் கேட்டுக்கொண்டவர்களில் ஒருவர் கோட்டும் தொப்பியும் போட்ட ஒரு வெள்ளைக்காரக் கேப்டன். பெயர் லின்னேயஸ் டிரைப்.

டிரைப் கிழக்கிந்தியக் கம்பெனியின் மதராஸ் ராணுவத்தில் வேலை பார்த்தவர். 1855-ல் கம்பெனி ஒரு தூதுக்குழுவை பர்மா ராஜாவிடம் அனுப்பியபோது, படம் பிடிக்க இவரைக் கூட அனுப்பியது. போன நேரமோ மழைக்காலம். வானம் மூடியே கிடந்தது. போதாக்குறைக்கு உடம்பும் சரியில்லை. அப்படியும் இருநூறுக்கு மேல் நெகட்டிவ்களோடு திரும்பி வந்தார். மறு வருஷமே அவரை மதராஸ் அரசாங்கத்தின் புகைப்படக்காரராக நியமித்துவிட்டார்கள்.

இப்போது அவருடைய 'கேமரா செலக்‌ஷனை' கவனியுங்கள்.

அந்தக் காலத்தில் படம் பிடிக்க முக்கியமாக இரண்டு வழி. ஒன்று, கண்ணாடித் தகட்டில் கொலோடியன் என்ற பசையைப் பூசி, அது ஈரமாக இருக்கும்போதே படமெடுத்து, ஈரம் காய்வதற்குள் கழுவிவிட வேண்டும். படம் பளிச்சென்று வரும். ஆனால், லண்டன் குளிரில் நிதானமாகக் காய்கிற பசை, மதுரை வெயிலில் எவ்வளவு நேரம் தாங்கும்? அதுவும் போகிற இடமெல்லாம் இருட்டுக் கூடாரமும் கண்ணாடிப் பெட்டிகளும் சுமக்க வேண்டும். இரண்டாவது வழி, மெழுகு ஏற்றிய காகிதம். 1851-ல் பிரான்ஸில் குஸ்தாவ் லெ கிரே என்பவர் கண்டுபிடித்தது. முன்கூட்டியே தயார் செய்து வைத்துக்கொள்ளலாம். எடுத்தவுடனே கழுவ வேண்டிய அவசரம் இல்லை. உடையாது, கனமும் இல்லை.

டிரைப் தன் பெரிய படங்களுக்குக் காகிதத்தைத்தான் அதிகம் நம்பினார். புரிகிறதா? 'அடக்கமாக, வெயிலுக்குத் தாங்குகிற மாதிரி' என்ற அதே கணக்குதான். என்ன, அவருடைய 'அடக்கம்' மாட்டு வண்டியில் ஏற்றுகிற அளவு!

வடக்கே சிப்பாய்கள் கலகம் நடந்துகொண்டிருந்த 1857 டிசம்பரில் அவர் பெங்களூரில் இருந்து கிளம்பினார். ஸ்ரீரங்கம், திருச்சி, மதுரை, புதுக்கோட்டை, தஞ்சாவூர் என்று சில மாதங்கள் ஒரே அலைச்சல். தஞ்சைப் பெரிய கோயிலின் அடித்தளத்தைச் சுற்றி ஓடுகிற கல்வெட்டைத் துண்டு துண்டாக எடுத்து, 21 படங்களை வரிசையாக ஒட்டி, ஏறத்தாழ 19 அடி நீளத்துக்கு ஒரே படமாக்கினார். மதுரையில் திருமலை நாயக்கர் மகாலைப் படமெடுத்தார். அப்போது அது இடிந்து கிடந்த மகால். பிறகு 1866-ல் கவர்னராக வந்த நேப்பியர் பிரபு காலத்தில்தான் அதைப் பழுது பார்த்தார்கள். பழுது பார்ப்பதற்கு முன்னால் மகால் எந்த லட்சணத்தில் இருந்தது என்று இன்றைக்கு நமக்குத் தெரிகிறது என்றால், அந்த மெழுகுக் காகிதம் வெயிலைத் தாங்கியதும் ஒரு காரணம். (காகித நெகட்டிவில் வானம் வெறும் வெள்ளையாக வரும். டிரைப் நெகட்டிவ் மேலேயே தூரிகையால் மேகம் வரைந்துவிடுவார். ஃபோட்டோஷாப் எல்லாம் பழைய சரக்குதான்.)

இதற்குப் பிறகு நடந்ததுதான் சுவாரஸ்யம். 1859-ல் சார்லஸ் டிரெவெல்யன் மதராஸ் கவர்னராக வந்தார். கணக்கு வழக்கில் புலி. கலகத்தை அடக்கிய செலவில் கஜானா காய்ந்து கிடந்தது. புகைப்படப் பிரிவின் கணக்கைப் பார்த்தார். இப்போதிருக்கிற நிலைமையில் இதெல்லாம் நமக்குக் கட்டுப்படியாகாத ஆடம்பரம் என்று முடிவு செய்துவிட்டார். கடை மூடப்பட்டது. அதே டிரெவெல்யன், இந்தியாவுக்கு வருமான வரி கொண்டு வந்த பட்ஜெட்டைப் பகிரங்கமாக எதிர்த்ததற்காக 1860-ல் லண்டனுக்குத் திருப்பி அழைக்கப்பட்டார் என்பது தனிக்கதை.

பி.காம். படித்தவன் என்ற முறையில் எனக்கு டிரெவெல்யன் மேல் கோபம் இல்லை. செலவுக் கணக்கை அவர் சரியாகத்தான் பார்த்தார். ஆனால் ஒரு பேரேட்டில் இரண்டு பக்கம் உண்டு. வரவுப் பக்கத்தில் என்ன எழுதுவது என்று அவருக்குத் தெரியவில்லை. இடிந்த மகாலின் படத்துக்கு 1859-ல் என்ன மதிப்பு போடுவீர்கள்? இந்தக் கேள்வியைக் கொஞ்சம் ஞாபகத்தில் வைத்துக்கொள்ளுங்கள். கடைசியில் தேவைப்படும்.

டிரைப் போனாலும் வெயிலும் மழையும் போகவில்லை. இங்கிலாந்தில் செய்த மரக் கேமராக்கள் இங்கே வந்தால் ஒட்டுப்பசை இளகும், மரம் உப்பும், கரையான் அரிக்கும். எனவே காலனி நாடுகளுக்கென்றே லண்டன் கம்பெனிகள் 'டிராப்பிகல்' என்று ஒரு ரகத்தைத் தயார் செய்தன. உடம்பு முழுக்கத் தேக்கு. மூலைக்கு மூலை பித்தளைப் பட்டை. 20-ம் நூற்றாண்டின் ஆரம்பத்தில் வந்த சாண்டர்ஸன் டிராப்பிகல் கேமரா அதில் பிரசித்தம். இன்றைக்கு 'வெதர் ரெசிஸ்டன்ட்' என்று அட்டைப்பெட்டியில் அச்சடிக்கிறார்களே, அதற்குத் தாத்தா இந்தத் தேக்குப் பெட்டிதான்.

பிறகு ஃபிலிம் வந்தது. அதோடு புதுத் தலைவலியும் வந்தது. ஃபிலிம் மேல் பூசியிருப்பது ஜெலட்டின். பூஞ்சைக் காளானுக்கு அது விருந்துச் சாப்பாடு. இந்தியா சொந்தமாக ஃபிலிம் தயாரிக்க முடிவு செய்து 1960-ல் ஹிந்துஸ்தான் ஃபோட்டோ ஃபிலிம்ஸ் கம்பெனியைத் தொடங்கியபோது, தொழிற்சாலையை எங்கே வைத்தார்கள் தெரியுமா? ஊட்டியில். மலை மேல் ஏற்றி இறக்குகிற செலவு இருந்தும், தூசியில்லாத காற்றும் குளிரும் சுத்தமான தண்ணீரும் வேண்டும் என்பதால். 1967-ல் உற்பத்தி தொடங்கியது. 'இந்து' என்ற பெயரில் ஃபிலிம் விற்றது. டிஜிட்டல் அலையில் பிழைக்க முடியாமல் அந்தத் தொழிற்சாலை மூடப்பட்டுவிட்டது.

நம்மில் நிறையப் பேருக்கு முதல் கேமரா, பரோடாவில் தயாரான அக்ஃபா கிளிக் III. ஒரு ரோலுக்குப் பன்னிரண்டே படம். கொஞ்சம் வசதி இருந்தால் பர்மா பஜாருக்குப் போய், பில் இல்லாத ஜப்பான் கேமரா. அதிலும் லென்ஸுக்குள் வலை மாதிரி வெள்ளையாகப் பூஞ்சை படரும். வீட்டுப் பெரியவர்கள் பத்திரமாக பீரோவில், துணிமணிக்கு நடுவில், தோல் உறைக்குள் பூட்டி வைத்திருப்பார்கள். இருட்டு, ஈரம், காற்றோட்டம் இல்லாத இடம். பூஞ்சைக்கு இதைவிட நல்ல வாடகை வீடு கிடையாது!

மதராஸிலேயே இதையெல்லாம் மீறிச் சாதித்தவர் ஒருவர் உண்டு. நாவலாசிரியர் அ. மாதவையாவின் மகன், மா. கிருஷ்ணன். 1912-ல் பிறந்து 1996-ல் மறையும் வரை காடு, யானை, பறவை என்றே வாழ்ந்தவர். கறுப்பு வெள்ளைப் படம்தான் எடுப்பார். ஒரு கேமராவின் உடம்பு, இன்னொன்றின் லென்ஸ், தானே வடிவமைத்த பாகங்கள் என்று சேர்த்துக் கட்டி, அதற்கு 'சூப்பர் பாண்டரோஸா' என்று பெயரும் வைத்திருந்தார். பெயரிலேயே கனம் தெரிகிறதல்லவா? கடையில் கிடைப்பது தன் காட்டுக்குச் சரிப்படாது என்று தெரிந்ததும் தனக்கு வேண்டியதைத் தானே கட்டிக்கொண்ட மனுஷன். எந்தப் பெட்டி உசத்தி என்று அவர் பார்க்கவில்லை. எந்த இடத்துக்கு எந்தப் பெட்டி என்று பார்த்தார்.

நமக்கு அப்படிக் கட்டிக்கொள்ளத் தெரியாது. ஜப்பான்காரர்கள் கட்டிக் கொடுத்தார்கள்.

1972-ல் ஒலிம்பஸ் கம்பெனியின் மைதானி யோஷிஹிஸா என்ற இன்ஜினீயர், எஸ்.எல்.ஆர். கேமராவை ஏறக்குறைய அரை கிலோவுக்குச் சுருக்கினார். பின்னாளில் ஓ.எம்.-1 என்று உலகம் கொண்டாடிய கேமரா அது. 'அடக்கம்' என்கிற பாதி முடிந்தது. 1980-ல் பென்டாக்ஸ் எல்.எக்ஸ். வந்தது. கம்பெனிக்கு 60 வயது ஆனதற்காக ரோமன் எண்ணில் 60 என்று பெயர். அடக்கமான உடம்பு, பட்டன்களிலும் இணைப்புகளிலும் தூசியும் ஈரமும் புகாதபடி அடைப்பு. 'தாங்கும்' என்கிற மீதிப் பாதியும் முடிந்தது. ஆனால் விலை, தொழில்முறைக்காரர்களுக்கானது.

டிஜிட்டல் வந்தபோது கதை மறுபடி முதலில் இருந்து ஆரம்பித்தது. 1991-ல் கோடக் கொண்டு வந்த முதல் டிஜிட்டல் எஸ்.எல்.ஆருக்கு, தோளில் தனியாக ஒரு பெட்டி தொங்கும். படங்களைச் சேமிக்கிற ஹார்டு டிஸ்க் அதற்குள். மொத்தம் 1.3 மெகாபிக்சல். டிரைப்பின் மாட்டு வண்டி திரும்பி வந்த மாதிரி! 2003-ல் கேனன் 300டி வந்து, ஆயிரம் டாலருக்குக் கீழே சாமானியர்களுக்கும் கதவு திறந்தது. ஆனால் பிளாஸ்டிக் உடம்பு, அடைப்பு கிடையாது. அதே வருஷம் ஒலிம்பஸ் இ-1, நல்ல அடைப்போடு வந்தது. விலைதான் எட்டவில்லை.

இந்த இரண்டையும் ஒன்றாகச் சேர்த்தது 2006-ல் வந்த பென்டாக்ஸ் கே10டி. பத்து மெகாபிக்சல். உடம்புக்குள் 72 ரப்பர் அடைப்புகள். விலையோ, அடைப்பு எதுவும் இல்லாத போட்டிக் கேமராக்களை ஒட்டியே. 2008-ல் கே200டி. இது பென்சில் பேட்டரியிலேயே ஓடும். பேட்டரி தீர்ந்தால் பழவேற்காட்டுப் பெட்டிக்கடையில் வாங்கிப் போட்டுக்கொள்ளலாம். 2009-ல் கே-7, 77 அடைப்பு. 2012-ல் கே-30, 81 அடைப்பு. இதில் மட்டும் விலைவாசி மாதிரி அடைப்பு ஏறிக்கொண்டே போனதில் நமக்கு சந்தோஷம்.

சரி, அந்த அடைப்பு என்பது என்ன? மந்திரம் ஒன்றுமில்லை. வீட்டு பிரஷர் குக்கர் மூடியில் இருக்கிற காஸ்கெட்தான். பட்டனுக்கு அடியில், பேட்டரிக் கதவில், மெமரி கார்டு மூடியில், லென்ஸ் வந்து உட்காருகிற வளையத்தில் சின்னச் சின்ன ரப்பர் வளையங்கள். தூறலையும் தெறிக்கிற நீரையும் புழுதியையும் தடுக்கும். தண்ணீரில் முக்கினால் தடுக்காது. 'வெதர் ரெசிஸ்டன்ட்' வேறு, 'வாட்டர்ப்ரூஃப்' வேறு. குடைக்கும் நீர்மூழ்கிக் கப்பலுக்கும் உள்ள வித்தியாசம்.

இன்னொன்று. குக்கருக்கு காஸ்கெட் போட்டு, வேறு சைஸ் மூடியால் மூடினால் விசில் வருமா? அதே மாதிரி, அடைப்புள்ள கேமராவில் அடைப்பில்லாத லென்ஸைப் போட்டால் மழை முன்வாசல் வழியாக உள்ளே வரும். நிறையப் பேர் பணத்தை விடுகிற இடம் இதுதான். பாடியை மட்டும் பார்த்து வாங்கிவிடுகிறார்கள். பென்டாக்ஸில் லென்ஸ் மேல் 'டபிள்யூ.ஆர்.' என்று எழுதியிருக்கிறதா என்று பாருங்கள். மற்ற கம்பெனி லென்ஸ்களில் பின்பக்க உலோக வளையத்தைச் சுற்றி ரப்பர் விளிம்பு இருக்கிறதா என்று விரலால் தடவிப் பாருங்கள்.

இப்போது போனஸுக்கு வருவோம்.

காலம் உங்களுக்குச் சாதகமாக இருக்கிறது. கேனனும் நிக்கானும் 2020-க்குப் பிறகு புது எஸ்.எல்.ஆர். மாடல் கொண்டு வரவில்லை. எல்லோரும் மிர்ரர்லெஸ் பக்கம் போய்விட்டார்கள். பென்டாக்ஸ் மட்டும் 2021-ல் கே-3 மார்க் III என்று ஒன்றைக் கொண்டு வந்தது. ஊரே விட்டுப் போகிற பொருளுக்குச் செகண்ட் ஹேண்ட் மார்க்கெட்டில் என்ன ஆகும்? விலை இறங்கும். ஆனால் படம் பிடிக்கிற திறமை இறங்கவில்லை. பூநாரைக்கு உங்கள் கேமரா எந்த வருஷத்து மாடல் என்று தெரியாது.

வணிகவியலில் முதல் வருஷம் சொல்லிக் கொடுப்பது தேய்மானம். கேமரா பாடி, வாங்கிய நாளில் இருந்து தேய்கிற சொத்து. நல்ல லென்ஸ், மெதுவாகத் தேய்கிற சொத்து. அதனால் பாடியைப் பழசாகவும் லென்ஸை நல்லதாகவும் வாங்குவது புத்திசாலித்தனம். பட்ஜெட்டை ஒரே தலைப்பில் எழுதாமல் நாலாகப் பிரியுங்கள். பாடி, லென்ஸ், பாதுகாப்பு, ரிப்பேர். கடைசி இரண்டுக்கும் பணம் ஒதுக்காத பட்ஜெட், பஞ்சருக்குக் காசு இல்லாமல் பைக் வாங்குகிற மாதிரி.

பழைய கேமரா பார்க்கப் போகும்போது ஒரு டார்ச் கொண்டு போங்கள். லென்ஸை வெளிச்சத்துக்கு எதிரே பிடித்து உள்ளே பாருங்கள். சிலந்தி வலை மாதிரித் தெரிந்தால் கும்பிடு போட்டுவிட்டு வந்துவிடுங்கள். ரப்பர் மூடிகள் இற்றுப் போயிருக்கிறதா என்று இழுத்துப் பாருங்கள். ரப்பருக்கும் வயதாகும். 81 அடைப்பும் காய்ந்து போயிருந்தால் அது வெறும் எண்ணிக்கைதான். கே-30, கே-50 மாடல்களில் அபர்ச்சர் பகுதி பழுதாகிப் படம் கறுப்பாக வருவது பலரும் சொல்கிற குறை. கடையிலேயே பத்துப் பதினைந்து படம் எடுத்துப் பார்த்துவிட்டுப் பணத்தை எடுங்கள். பென்டாக்ஸுக்கு ரிப்பேர் செய்ய ஆள் எட்டுகிற தூரத்தில் இருக்கிறாரா என்றும் விசாரியுங்கள். இல்லை என்றால், கொஞ்சம் கனமானாலும் நிக்கான் டி7000, டி7200 வரிசையைப் பாருங்கள். அதிலும் ஓரளவு அடைப்பு உண்டு. லென்ஸ் சுலபமாகக் கிடைக்கும். பூநாரை தூரத்தில் நிற்கும் பறவை. 300 மில்லிமீட்டருக்குக் குறைந்த லென்ஸோடு போனால் ஏரிதான் கிடைக்கும், பறவை கிடைக்காது.

வாங்கிய பிறகு? பீரோவில் வைக்காதீர்கள். காற்றுப் புகாத பிளாஸ்டிக் டப்பா, உள்ளே சிலிக்கா ஜெல், கூடவே ஈரப்பதம் காட்டுகிற சின்ன மீட்டர். நாற்பதில் இருந்து ஐம்பது சதவீதத்துக்குள் முள் நின்றால் பூஞ்சைக்கு அங்கே வேலை இல்லை. தோல் உறையைத் தூரப் போடுங்கள். ஏரியில் இருந்து திரும்பியதும், நல்ல தண்ணீரில் நனைத்துப் பிழிந்த துணியால் வெளிப்பக்கம் துடையுங்கள். அப்புறம் உலர்ந்த துணி. உப்பைக் காயவிட்டால் அது அரிக்க ஆரம்பித்துவிடும். ஏ.சி. அறையில் இருந்து சட்டென்று வெளியே எடுத்தால் லென்ஸ் வியர்க்கும். பாலித்தீன் பையில் கட்டிக் கொஞ்ச நேரம் வைத்து, பிறகு திறங்கள். ரோலிங் மில் பக்கத்தில் நின்று லென்ஸ் மாற்றவே மாற்றாதீர்கள். உள்ளே போகிற இரும்புத் தூளுக்கு எந்த அடைப்பும் உதவாது, கதவை நீங்களே திறந்து வைத்திருக்கிறீர்களே!

இதையெல்லாம் கேட்டுவிட்டு, வீட்டில் யாராவது டிரெவெல்யன் சொன்னதையே சொல்வார்கள். 'இப்ப இருக்கிற நிலைமையில் இது தேவையா?' அவர்களுக்கு என்ன பதில் சொல்வது?

ஞாபகத்தில் வைக்கச் சொன்ன வரவுப் பக்கம் இங்கேதான் வருகிறது. பழவேற்காட்டில் டச்சுக்காரர்கள் 1613-ல் கட்டிய கெல்டிரியா கோட்டை இன்றைக்குப் புதர் மண்டிய மேடு. எண்ணூர் முகத்துவாரத்தில் அனல் மின் நிலையச் சாம்பல் படிந்த இடத்தில் முன்பு எவ்வளவு ஆழம் இருந்தது என்று மீனவர்களுக்கு மனசில் இருக்கிறது, படத்தில் இருப்பது கொஞ்சம்தான். 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வெள்ளத்தோடு கொசஸ்தலை ஆற்றில் எண்ணெய் வந்து சேர்ந்தபோது, மீனவர்கள் வாளியால் அள்ளினார்கள். கூழைக்கடாக்களின் இறகில் எண்ணெய் அப்பியிருந்ததை ஊர் நம்பியது, யாரோ படம் பிடித்திருந்ததால்தான். துறைமுகம், மின் நிலையம், சிப்காட் என்று வேகமாக மாறிக்கொண்டிருக்கிற மூலை அது. அங்கே இன்றைக்கு இருக்கிற தண்ணீர், படகு, பறவை, ஆள் எல்லாமே நாளைக்கு 'முன்பு எப்படி இருந்தது?' என்று யாரோ கேட்கப்போகிற விஷயம்.

மதுரை மகாலுக்கு ஒரு டிரைப் மாட்டு வண்டி கட்டிக்கொண்டு வர வேண்டியிருந்தது. பழவேற்காட்டுக்கு வெளியில் இருந்து யாரும் வர வேண்டாம். ஷிப்ட் முடித்துவிட்டு நீங்களே போகலாம். நல்ல வெயிலில் எல்லோரும் எடுப்பார்கள். மழை தூறும்போது, காற்று உப்பை அள்ளி வீசும்போது, மற்றவர்கள் கேமராவைப் பைக்குள் ஒளிக்கும்போது நடப்பதை எடுக்க ஆள் வேண்டும். அடைப்புள்ள கேமராவுக்குக் கூடுதலாகக் கொடுக்கிற காசு அதற்குத்தான்.

எடுக்கிற ஒவ்வொரு படத்துக்கும் தேதியையும் இடத்தையும் எழுதி வையுங்கள். இரண்டு இடத்தில் காப்பி போட்டு வையுங்கள். அக்டோபர் வந்துவிட்டால் பூநாரைகள் காத்திருக்காது.